கொளிஞ்சித் தட்டில் இரண்டு கை எரு

என் பிரியமுள்ள மண்ணாங்கட்டி அண்ணனுக்கு,

மண்ணை ஆழமாகப் படிக்க வேண்டும், ஆழமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அதற்காக இவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்க வேண்டாம். ஐந்து மாதம் ஆகிறது. கல்லறைத் திருநாளன்று உன்னைப் பார்க்க வந்தோமே, அப்போது நான் வாயே திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் நின்றதை நீ பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய். அம்மா பக்கத்தில் இருந்தாள். அதனால்தான் பேசவில்லை. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரும்படி தமிழ் டீச்சர் கேட்டார். "மண்ணு பாக்கறவரு தங்கச்சி நீதான? அண்ணனப் பத்தி நல்லதா நாலு வரி எழுதும்மா" என்றார். நல்லதாக நாலு வரி எழுதுவது சுலபம். எனக்குத்தான் நாலு வரி போதாது, எழுதப் போவதும் நல்லதாக இருக்காது. அச்சில் ஏற்றுவார்களா, குப்பையில் சேர்ப்பார்களா, தெரியவில்லை. ஆனால் ஊரறிய நடந்த பிழையை ஊரறியத்தானே சொல்ல வேண்டும்?

உன்னைத் தெரியாதவர்கள் யாராவது படித்தால் விழிக்கக் கூடாது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ காதைப் பொத்திக்கொள். தருமபுரியில் மண் பரிசோதனை செய்யும் ஆபீசில் உனக்கு வேலை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய், வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் குழி பறித்து, மண் எடுத்து வந்து, அதில் கரிமம் எவ்வளவு என்று பார்ப்பாய். இலையும் வேரும் சாணியும் மக்கி மண்ணுக்குள் விட்டுப்போகிற சத்து அது. அது இருந்தால்தான் மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும், மூட்டை மூட்டையாய்ப் போடுகிற உரமும் பயிருக்குச் சேரும் என்று களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வாய். "மண்ணுல கரி தேடுறவன் ஆபீசரு. அடுப்புல கரி அள்ளுறவ வேலக்காரியா?" என்று நான் கேட்டால், "நீ அள்ளுறது கரி, நான் தேடுறது கரிமம். உனக்கு அந்த 'மம்'தான் கம்மி" என்பாய். இப்போது அந்தப் பதிலுக்குப் பதில் யோசித்து வைத்திருக்கிறேன். யாரிடம் சொல்வது?

ஒருநாள் என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாய். குடுவையில் மண்ணைப் போட்டு, ஆரஞ்சு நிற மருந்தையும் அமிலத்தையும் ஊற்றி, ஆறவைத்து, மேலே இருந்த கண்ணாடிக் குழாயைத் திறந்துவிட்டாய். சொட்டுச் சொட்டாக விழுந்தது. குடுவைக்குள் ஊதா நிறம் அப்படியே கிடந்தது. திடீரென்று ஒரே சொட்டில் எல்லாம் பச்சை. நான் கை தட்டினேன். "தட்டாதடி, குடுவைய தட்டிட போற" என்று கத்தினாய்.

பிறகு மாதையன் மாமா. அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கிறவர். முதன்முதலில் அவர் உன் ஆபீசுக்குப் பையில் கொண்டுவந்த மண் கறுகறுவென்று இருந்ததாம். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "எருக்குழி ஓரத்துலங்க. ஆபீசுக்குக் குடுக்கறதாச்சே, நல்ல மண்ணாப் பாத்துத்தான் எடுத்தாந்தேன்" என்றாராம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்து நகையை இரவல் வாங்கிப் போட்டுவிடுகிற மாதிரி. இங்கே நிறையப் பேர் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாய். மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு நீயே அவர் நிலத்துக்குப் போனாய்.

அந்த நிலத்தில்தான் உன் மூன்று வருடம் போயிற்று. பாதி நிலத்தில் வழக்கப்படி சாமை அறுத்ததும் கொள்ளு விதைப்பார், பிறகு ஆட்டுப் பட்டி போடுவார்கள். மந்தையை நிலத்தில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும், அதுதான் உரம். மற்றப் பாதியில் கொள்ளும் இல்லை, பட்டியும் இல்லை. பசுந்தாள் உரத்துக்கென்றே வளர்க்கிற கொளிஞ்சியை விதைத்து, அது தழைத்ததும் செடியோடு மடக்கி உழச் சொன்னாய். ஆடு குறைந்துகொண்டே வருகிறது, ஆடு இல்லாதவன் மண்ணுக்கும் ஒரு வழி வேண்டும் என்பது உன் கவலை. வருடா வருடம் பங்குனியில் இரண்டு பாதியிலும் மண் எடுப்பாய். முதல் வருடம் கொளிஞ்சிப் பாதி 'குறைவு'. இரண்டாம் வருடமும் 'குறைவு'. உன் பெரிய சார், "இந்த வெயிலுக்குச் செடியை மடக்கி உழுதா கரிமம் நிக்குமாய்யா? எல்லாம் ஆவியாப் போயிடும்" என்று சொன்னாராம். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

இனி வருவதைப் படிக்கும்போது கோபம் வந்தால் வரட்டும்.

மூன்றாம் வருட மண். ஆபீசில் காயவைக்க இடமில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில், நிழலில், இரண்டு தட்டில் பரப்பி வைத்திருந்தாய். ஒன்றில் 'பட்டி' என்று சீட்டு. இன்னொன்றில் 'கொளிஞ்சி'. அன்றைக்கு ஏப்ரல் ஒன்று. காலையிலிருந்து நான் செய்த இரண்டு ஏமாற்று வேலையையும் நீ கண்டுபிடித்துவிட்டாய். காப்பியில் பெருங்காயம் போட்டதை முகர்ந்தே சொன்னாய். "என் மூக்க ஏமாத்த முடியாதுடி. மண்ண மோந்து பாத்தே கரிமம் சொல்லுவேன்" என்று பீற்றிக்கொண்டு கிளம்பிப் போனாய்.

அந்த மூக்கை உடைக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு எந்தக் காரணமும் இல்லை. நம் வீட்டுக் குப்பைக்குழி அடியில் நன்றாக மக்கிக் கிடந்த எருவை எடுத்து, அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து, இரண்டு கை கொளிஞ்சித் தட்டில் போட்டேன். நிறம் தெரியக் கூடாது என்று விரலால் கிளறிக் கிளறிக் கலந்தேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் நான் அவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. நீ மோந்து பார்த்துவிட்டு அலறுவாய், 'ஏப்ரல் ஃபூல்' என்று கத்த வேண்டும், பிறகு நீ மறுபடி ஒருமுறை மண் எடுக்கப் போவாய், அதுதான் என் திட்டம்.

நீ மோந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை அவசரமாகத் தட்டைப் பையில் கொட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் தெருமுனையிலிருந்தே உன் சைக்கிள் மணி கேட்டது. உள்ளே வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாய்.

"ஏறிடுச்சும்மா! ஏறிடுச்சு!"

"என்னாடா ஏறிச்சு? காச்சலா?"

"கொளிஞ்சிப் பாதியில கரிமம் ஏறிடுச்சும்மா. 'அதிகம்'னு வருது. மூணு தடவ செஞ்சு பாத்துட்டேன், மூணும் ஒண்ணாவே வருது!"

மூன்றும் ஒன்றாகத்தானே வரும் அண்ணா? நான்தான் அவ்வளவு நன்றாகக் கலந்திருந்தேனே.

அம்மாவுக்குக் கரிமமும் தெரியாது, கொளிஞ்சியும் தெரியாது. ஆனால் அப்பா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் நாக்கு நுனியில் உண்மை இருந்தது. சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குள் பெரிய சார் உன் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் மாதையன் மாமாவுக்குத் தகவல் போய்விட்டது. ஒவ்வொரு நாள் கழியும்போதும் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே வந்தது, என் தைரியம் சிறிதாகிக்கொண்டே போயிற்று.

மே மாதக் கடைசியில் உனக்கு மஞ்சள் காமாலை. பதினேழே நாள். உன் கண் இரண்டும் ஆபீசில் நீ ஊற்றிய அந்த ஆரஞ்சு மருந்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அம்மா சுடுதண்ணீருக்காக வெளியே போயிருந்தபோது உன் கட்டிலருகே குனிந்து, "அண்ணா, அந்தக் கொளிஞ்சித் தட்டு இருக்குதில்ல..." என்று ஆரம்பித்தேன். நீ சிரித்தாய். "ஆமாடி. அந்த ரிசல்ட் நோட்ட பத்திரமா வெச்சிரு" என்றாய். பிறகு தூங்கிவிட்டாய். எழுப்பியிருக்க வேண்டுமா? தெரிந்துகொண்டு போயிருந்தால் உனக்கு நிம்மதியா, தெரியாமல் போனதுதான் நிம்மதியா? இதை நான் யாரிடமும் கேட்க முடியவில்லை.

புரட்டாசியில் சாமை அறுப்பு முடிந்ததும் மாதையன் மாமா நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறிய மூட்டை.

"கொளிஞ்சி வெதங்க. தம்பி கையால வாங்கி வெதைக்கணும்னு இருந்தேன். கர்த்தரு கூப்பிட்டுக்கிட்டாரு. நீங்க ஒரு கை தொட்டுக் குடுங்கம்மா" என்று அம்மா முன்னால் அவிழ்த்து வைத்தார்.

"எவ்ளோ நெலத்துலங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எனுது மூணு ஏக்கரும். எங்கூருல இன்னும் எட்டு வூடு. இந்த வருசம் கொள்ளு வேணாம், கொளிஞ்சிதான்னு பேசிக்கிட்டோம். பட்டிக்காரங்களையும் வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டோங்க. பிரகாசம் தம்பி கண்டுபிடிச்சதாச்சே."

அம்மா விதையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வீட்டு மாடுகள் கோடையில் தின்கிற கொள்ளு. எட்டு வீட்டு நிலத்துக்கு வருகிற ஆட்டு உரம். எல்லாவற்றையும் என் இரண்டு கை எருவை நம்பி விட்டுவிட்டார்கள்.

மாமா படி இறங்கியதும் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "செத்தவன் மேலயும் வெளயாட்டாடி உனுக்கு?" என்றாள். அவ்வளவுதான். வெளியே ஓடி மாமாவைப் பிடித்தேன். அவர் சிரித்தார். "போ பாப்பா. போன பொங்கலுக்கு எம் மாட்டுக் கொம்புல ரிப்பன் கட்டி ஜடை போட்ட ஆளு நீ. உம் பேச்ச நம்பறதா?"

அண்ணா, பொய் சொன்னபோதெல்லாம் என்னை நம்பினார்கள். உண்மை சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. நானே இதைக் கேட்டால் சிரித்திருப்பேன்.

மறுநாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு உன் ஆபீசுக்குப் போனேன். பெரிய சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நான் திறந்தே பார்க்காமல் கொண்டுபோயிருந்த உன் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தார். "பாரும்மா, உங்க அண்ணன் எவ்வளவு ஜாக்கிரதையான ஆளு. ரிசல்ட் அதிகமா வந்ததும் அவனுக்கே சந்தேகம் வந்திருக்கு. என்ன எழுதியிருக்கான், படி."

உன் கையெழுத்து. "காயவைத்த இடம்: என் வீடு. வெளியார் யாரும் தொடவில்லை. கலப்படத்துக்கு வாய்ப்பில்லை."

வெளியார் யாரும் தொடவில்லைதான்.

 பிறகு கேட்டேன், "சார், அந்த மண்ணுல மிச்சம் இருக்குதுங்களா?" நீ எப்போதும் மிச்ச மண்ணைப் பாட்டிலில் எடுத்துவைப்பாய் என்று எனக்குத் தெரியும். சார் அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கொட்டச் சொன்னேன். செம்மண் அடியில் இறங்கியது. மேலே கறுப்புக் கறுப்பாக அடுப்புக்கரித் தூளும் வைக்கோல் துணுக்கும் மிதந்தன. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தப் பாதி நிலத்தில் மூன்று வருடமாகக் குப்பையெருவே போடவில்லை என்பது அவருக்கும் தெரியும். டம்ளர் அடியைச் சாய்த்துப் பார்த்தார். வெள்ளையாக முட்டைத்தோட்டுத் துணுக்கு.

"கோழி வளக்கறீங்களா வீட்டுல?" என்றார்.

"ஆமாங்க சார்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கடைசியில், "சரி. ஆய்வகத்துல ஒரு தவறு நடந்துபோச்சுன்னு நானே போய்ச் சொல்லிடறேன். நீ சின்னப் பொண்ணு, இதுல வராத" என்றார். நல்ல மனிதர்தான். எனக்காகத்தான் சொன்னார்.

"ஆய்வகம்னா எங்க அண்ணன்தானங்க சார்?" என்றேன். "சரி, ஞாயித்துக்கிழமை நீயே வந்து சொல்லு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாதையன் மாமா கிணற்றடியில் எட்டு வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். சார் பக்கத்தில் நின்றார், பேசியது நான். ஏப்ரல் ஒன்று என்று ஆரம்பித்ததுமே நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டு கை எரு என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. சார் டம்ளரில் கொட்டிக் காட்டினார். ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முனியம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். தனியாளாக ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு இரண்டு மாட்டையும் காப்பாற்றுகிறவள். முந்தின நாள்தான் கொளிஞ்சி விதைத்து முடித்திருந்தாள்.

"ஏ புள்ள, உனுக்கு வெளயாட எங்க மண்ணுதான் கெடச்சுதா? கோடையில எம் மாடு ரெண்டும் எதத் திங்கும்? உங்கண்ணன் நோட்டயா?"

"அக்கா, அண்ணன் மேல தப்பு இல்லக்கா. நான்தான்..."

"யாரு மேல தப்பா இருந்தா என்னா? மாட்டுக்குத் தெரியுமா அது?"

 

மாதையன் மாமா குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிப் பிசைந்துகொண்டே இருந்தார். "நானும் எருக்குழி மண்ண எடுத்துட்டுப் போயி உங்கண்ணங்கிட்ட மாட்டிக்கிட்டவன்தான் பாப்பா. ஆனா நான் தெரியாம பண்ணேன். நீ தெரிஞ்சு பண்ண" என்றார். சத்தம் போட்டுத் திட்டியிருக்கலாம். 

இன்னும் விதைக்காமல் இருந்த ஐந்து வீட்டுக்காரர்கள் கொள்ளுக்குத் திரும்பிவிட்டார்கள். முனியம்மா அக்காவும், விதைத்துவிட்ட மற்ற இரண்டு வீட்டாரும் மறுபடி உழுது, ஈரம் காய்வதற்குள் கொள்ளு போட்டார்கள். முளைப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. பட்டிக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு ஒகேனக்கல் பக்கம் போய்விட்டார்களாம், இந்த வருடம் திரும்ப மாட்டார்கள். மாதையன் மாமா மட்டும் விதைத்த கொளிஞ்சியை அழிக்கவில்லை. ஏன் மாமா என்று கேட்டதற்கு, "தம்பி சொன்னது பொய்யின்னு நீ சொல்லலயே. தெரியாதுன்னுதான சொன்ன?" என்றார்.

அதுதான் அண்ணா என்னைத் தின்கிறது. உண்மையிலேயே அந்த வருடம் கரிமம் ஏறியிருந்ததா? நான் கை வைக்காமல் இருந்திருந்தால் உன் குடுவை என்ன சொல்லியிருக்கும்? கொஞ்சம் ஏறியிருந்தாலும்கூட நீ இதே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்திருப்பாயோ? தட்டில் போக மிச்சம் என்று நீ ஒதுக்கிய மண்ணை நீ மண் கொண்டுவந்த அன்றைக்கே அம்மா முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டாள். அங்கே போய் எத்தனை முறை உட்கார்ந்து பார்த்தேன் தெரியுமா? கோழி கிளறிய மண்ணில் எதைப் பிரிப்பது?

கிணற்றடியிலிருந்து திரும்பிய அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்த பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "புள்ள போயிட்டாலும் ஒண்ணு ஜெயிச்சுட்டுப் போனான்னு இருந்தேன். அதையும் எடுத்துட்ட." சோறு போடுகிறாள், தலை வாரிவிடுகிறாள். பெயர் சொல்லி மட்டும் கூப்பிடுவதில்லை. 'ஏய்' என்கிறாள். இத்தனை வருடம் நான் எத்தனை பேருக்குப் பட்டப்பெயர் வைத்திருப்பேன், எனக்கு வந்து சேர்ந்தது இது.

நான் சொன்னது சரிதானா அண்ணா? அம்மாவைப் பார்க்கும்போது தப்பு என்று தோன்றுகிறது. முனியம்மா அக்காவின் வயலைப் பார்க்கும்போது, புரட்டாசி வரைக்கும் ஏன் காத்திருந்தாய் என்று தோன்றுகிறது.

உன் நோட்டில் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. சார் சொன்னபடி நீ எழுதிய எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, கீழே என் பெயரையும் நான் செய்ததையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். உன் எழுத்துக்குக் கீழே என் எழுத்து ரொம்பக் கோணலாக இருக்கிறது.

வருகிற பங்குனியில் சாரோடு நானும் மாதையன் மாமா நிலத்துக்குப் போகிறேன். இரண்டு பாதியிலும் குழி பறிப்பது மட்டும் என் வேலை. மண் ஆபீசில்தான் காயும், நான் தட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். நியாயம்தான். குடுவை எந்த நிறத்தில் எந்தச் சொட்டில் மாறினாலும், வருகிற எண்ணை எடுத்துக்கொண்டு முதலில் முனியம்மா அக்கா வீட்டுக்குத்தான் போவேன். 'குறைவு' என்று வந்தால் குறைவு என்றே சொல்வேன். 'அதிகம்' என்று வந்தாலும் அவள் ஒரு வருடக் கொள்ளு திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அவள் என்ன திட்டினாலும் முழுசாக நின்று கேட்பேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மா திரும்பிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அதே எண்ணை அவளிடமும் சொல்வேன். இது சத்தியம்.

வெளியாள் இல்லை என்று நீ நம்பிய
உன் தங்கச்சி,
பிலோமினா